ஒரே பீலிக்கு, ஒரே நேரத்துக்கு: வெளிநாட்டில் படிக்கும்போது அந்த ஊர்ச் சிநேகிதம்

பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். செப்டெம்பரில் இங்கிலாந்துக்கு ஒரு வருட முதுமாணி படிக்கப் போகிறாராம். போய் வந்த எல்லாரும் "கிளப்பில் சேர், அந்த நாட்டு ஆட்களோடு பழகு" என்கிறார்களாம், ஆனால் தனக்குக் கூச்சம், இங்கிலிஷ் எழுத வரும், பேசப்போனால் தடுமாறும், காசும் எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். நம்ம ஆட்களோடேயே இருந்துவிட்டால் என்ன குறை, சேர்வதென்றால் எப்படித்தான் சேர்வது, சொல்லுங்கள் அக்கா என்று.

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, பேராதனையில் படித்து, பிறகு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் ஒரு வருடம் முதுமாணி செய்தேன். இப்போது ஹட்டனில் இருந்துகொண்டு வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுத உதவுகிறேன். போன பிறகும் அவர்கள் இரவில் வட்ஸ்அப்பில் பேசுவார்கள், அழுவார்கள், அதனால் இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை.

சிநேகிதம் எப்படி உண்டாகிறது என்பது நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான், ஊர் மாறியதும் அதை மறந்துவிடுகிறோம். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதிகளாக இருந்த மூன்று பேரும் சொந்தக்காரர்கள் இல்லை. விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலியில் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டு முடிந்து மலைக்குப் போனால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர்கள், அவ்வளவுதான். ஒரே இடம், ஒரே நேரம், அதே முகங்கள், கையில் ஒரு வேலை, நாளுக்கு நாலு வார்த்தை. இப்படியே இரண்டு மழைக்காலம் போனதும் ஒருத்தியின் பிரசவத்துக்கு மற்றவள் போய் நிற்கிறாள். இங்கிலாந்திலும் இப்படித்தான் நடக்கிறது, பீலிக்குப் பதிலாக அங்கே கிளப் இருக்கிறது.

நான் இரண்டு மாதத்தை வீணாக்கிய பிறகுதான் இதைப் புரிந்துகொண்டேன். செப்டெம்பர் கடைசியில் படிப்பு தொடங்கும் கிழமையை ஃப்ரெஷர்ஸ் வீக் என்பார்கள். மாணவர் சங்கம் பெரிய மண்டபத்தில் ஒரு சந்தை மாதிரி நடத்தும், ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு மேசை, பெரிய பல்கலைக்கழகமென்றால் நூற்றுக்கணக்கில் இருக்கும், பின்னல் போடுகிற கழகம் முதல் குகைக்குள் இறங்குகிற கழகம் வரை. நான் அன்றைக்கு ஏழு இடத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தேன், மூன்றுக்குக் காசும் கட்டினேன். நவம்பர் வந்தபோது ஒன்றுக்கும் போய்க்கொண்டிருக்கவில்லை. ஒன்று வகுப்பு நேரத்தோடு மோதியது. ஒன்றில் எல்லாரும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள், எனக்கு அப்போது இருபத்தாறு. இன்னொன்றுக்கு இரண்டு முறை போனேன், ஒருவரும் என்னோடு பேசவில்லை என்று மனம் நொந்து நின்றுவிட்டேன்.

அந்த இரண்டு முறையோடு நின்றதுதான் பிழை. அங்கே ஆட்கள் மூன்றாம் நாலாம் தடவைதான் உங்கள் பெயரை நினைவில் வைப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு கிழமை வராவிட்டால் "எங்கே போன கிழமை காணவில்லை" என்று கேட்பார்கள், அப்படிக் கேட்டுவிட்டால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முன்பே பேசாததற்குக் காரணம் வெறுப்பு இல்லை, தெரியாதவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதைத்தான் அவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள். நம்ம ஊர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் "எந்தத் தோட்டம், யார் மகள்" என்று தொடங்கி இறங்குவதற்குள் கல்யாணப் பேச்சு வரைக்கும் போய்விடுவார், அங்கே ஆறு மாதம் பழகியவரும் உங்கள் தகப்பன் என்ன வேலை என்று கேட்காமல் இருக்கலாம். ஆகவே நான் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது: ஒரே ஒரு கிளப்பைப் பிடியுங்கள், முடிந்தால் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். முதல் தவணை ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு கிழமை. அந்தத் தவணை முழுக்க மழை என்றாலும் அலுப்பு என்றாலும் போங்கள், பிடிக்கிறதா இல்லையா என்று ஐந்தாம் கிழமைக்கு முன் முடிவு செய்யாதீர்கள்.

எந்த கிளப் என்றால், கைக்கும் காலுக்கும் வேலை இருக்கிற கிளப். கூச்சக்காரருக்கும் பேச்சு இங்கிலிஷ் தடுமாறுகிறவருக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கருத்துப் பேசுகிற கழகத்தில் நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் உங்களுக்கு அங்கே இடமே இல்லை. நடைக் கழகம், பாறை ஏறுகிற கழகம், பட்மின்டன், சமையல், பாட்டுக் குழு, தோட்ட வேலை, இவற்றில் வேலையே பேச்சுக்கு விஷயம் கொடுக்கும். "அந்தக் கயிற்றைப் பிடி", "இந்தச் செடியை எங்கே நடுவது", இப்படித் துண்டு துண்டாகப் பேசியே இங்கிலிஷும் வந்துவிடும். பாட்டுக் குழுவில் பேசவே வேண்டாம், ஒன்றாக மூச்சு விட்டால் போதும். வெலிமடைப் பிள்ளை ஒருத்தி ஒரு நகரத்துச் சமூகத் தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் வேலை செய்யப் போனாள். அங்கே நட்டிருந்தது லீக்ஸ், கரட், பீட்ரூட், கோவா. சின்ன வயதிலிருந்தே வீட்டுத் தோட்டத்தில் செய்த வேலை, மற்றவர்கள் இவளிடம் கேட்டு நட்டார்கள். இங்கிலிஷ் தடுமாறியதை அங்கே ஒருவரும் கவனிக்கவே இல்லை.

எனக்குக் கிடைத்தது நடைக் கழகம். ஷெஃபீல்டிலிருந்து கோச்சியில் (ரயிலில்) அரைமணி நேரம் போல போனால் எடேல் என்று ஒரு சின்னக் கிராமம், ஸ்கொட்லாந்து எல்லைக்கு அப்பால் வரை 268 மைல் போகிற பெனைன் வே என்ற நடைபாதை அங்கேதான் தொடங்குகிறது. கிராமத்துக்கு மேலே கிண்டர் ஸ்கௌட் என்ற மலை, 636 மீற்றர். ஹட்டன் டவுனே அதைவிட ஏறக்குறைய இருமடங்கு உயரத்தில் இருக்கிறது, ஆனாலும் அந்த மேட்டில் காற்று ஆளைத் தள்ளும், கறுப்புச் சேறு காலை இழுக்கும். ஒரு நாள் பாதி வழியில் மூடுபனி இறங்கியது. கூட வந்தவர்கள் கொஞ்சம் கலங்கினார்கள், எனக்கு அப்போதுதான் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மலையில் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன் என்று சொன்னேன். அதுவரை என்னோடு அதிகம் பேசாத ஒரு பெரியவர், உருக்காலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பக்கத்தில் வந்து நடக்கத் தொடங்கினார்.

அந்த மலையின் கதையை அவர்தான் சொன்னார். ஒரு காலத்தில் அது சீமான்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த நிலம், மற்றவர்கள் கால் வைக்க முடியாது. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்கள், அதிகமும் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள், தடையை மீறி ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்து, ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் அந்தப் பகுதிதான் பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்கா ஆனது. இதைக் கேட்டதும் நானும் சொன்னேன், எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக மலையைத் திருத்தித் தேயிலை நட்டார்கள், ஆனால் நாங்கள் பிறந்த லயத்தின் வாசல் மண்கூட எங்கள் பெயரில் இல்லை என்று. அவர் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பெரியம்மா வேலை செய்த துரை பங்களாவில் முள்ளுக்கரண்டியின் பின்புறம் ஷெஃபீல்ட் என்று பொறித்திருந்ததைச் சொன்னேன், தன் தகப்பனும் கரண்டி கத்தி செய்கிற பட்டறையில் இருந்தவர் என்றார். இரண்டு வருடம் கழித்து அவரும் மனைவியும் இங்கே வந்து, நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறினார்கள், இரவு எங்கள் வீட்டில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டார்கள். முதல் எட்டு நடையில் இந்த மனிதரும் நானும் "இன்றைக்குக் குளிர்" என்பதைத் தவிர ஒன்றும் பேசியதில்லை.

இந்தக் கழகம் பல்கலைக்கழகத்தினுடையது இல்லை, ஊர்க் கழகம். ஒரு வருடம் மட்டும் படிக்கப் போகிற உங்களுக்கு இது முக்கியம். பல்கலைக்கழகக் கழகங்களில் முக்கால்வாசிப் பேர் முதல் பட்டப் பிள்ளைகள், டிசெம்பர் நடுவில் வீட்டுக்குப் போனால் ஜனவரி நடுவில்தான் திரும்புவார்கள். ஊர்க் கழகத்து ஆட்கள் அங்கேயே இருப்பார்கள், அவர்களுக்கு வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மழை நாளில் வந்து கூட்டிப்போக வண்டி இருக்கிறது. ராம்பிளர்ஸ் என்ற நடைச் சங்கத்துக்கு நாடு முழுக்கக் கிளைகள், இருபது முப்பது வயதுக்காரருக்கென்று தனிக் குழுக்களும் உண்டு, உறுப்பினராகுமுன் சில நடைகளுக்குச் சும்மா போய்ப் பார்க்கலாம். பார்க்ரன் இன்னும் சுலபம்: இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூங்காக்களில் ஐந்து கிலோமீற்றர், ஓடலாம், நடக்கலாம், ஒரு சதம் வேண்டாம், ஒரு தடவை இணையத்தில் பதிந்தால் போதும். ஓட விருப்பமில்லாவிட்டால் தொண்டராகப் போய் வளைவில் நின்று கைதட்டி வழி காட்டலாம், அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. ஷெஃபீல்டில் எண்ட்கிளிஃப் பூங்காவில் நான் ஓடியதைவிட நின்றதுதான் அதிகம், பெயர் தெரிந்து கூப்பிட்டவர்கள் முதலில் அங்கேதான் கிடைத்தார்கள். கிரிக்கெட் பைத்தியமான தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: அங்கே கிரிக்கெட் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பரோடு முடிந்துவிடும், நீங்கள் போகும்போது மைதானம் மூடியிருக்கும், குளிர்காலத்தில் உள்ளரங்கில் நடக்கும் பயிற்சியை விசாரியுங்கள்.

பேச்சு முறைக்கு வருவோம். ஷெஃபீல்ட் பக்கம் "ஆல் ரைட்?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போவார்கள். அது கேள்வி இல்லை, திரும்ப "ஆல் ரைட்" என்றால் போதும், தடிமன் காய்ச்சலை விவரிக்க வேண்டாம். பஸ் ஓட்டுகிறவர் "லவ்" என்று கூப்பிட்டால் பதற வேண்டாம், கிழவிக்கும் அதுதான், ஆம்பிளைக்கும் அதுதான். "ஒரு நாள் வீட்டுக்கு வரவேண்டும்" என்று சொன்னால் அது நம்ம ஊர் "வாங்க, சாப்பிட்டுப் போங்க" மாதிரி ஒரு நல்ல வார்த்தை, திகதி சொன்னால்தான் அழைப்பு. இதில் நம்ம பிள்ளைகள் ரொம்ப மனம் உடைகிறார்கள், கூப்பிட்டுவிட்டு மறந்துவிட்டார்களே என்று. நீங்களே திகதி சொல்லிவிடுங்கள், "வருகிற ஞாயிறு பகல் பருப்புக்கறி சமைக்கிறேன், வருகிறீர்களா" என்று. ஆட்கள் சந்தோஷமாக வருவார்கள், பெரும்பாலும் அவர்களுக்கும் யாராவது முதலில் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிக்கே போய் நில்லுங்கள், வர முடியாவிட்டால் முன்கூட்டியே ஒரு செய்தி போடுங்கள். சொல்லாமல் நின்றால் அங்கே அது பெரிய அவமரியாதை.

அப்புறம் பப். அம்மா அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கழகம் முடிந்ததும் அரைவாசிப் பேர் பப்புக்குப் போவார்கள், உண்மையான பேச்சு அங்கேதான் நடக்கும். குடிக்க வேண்டியதில்லை. லைம் அண்ட் சோடா என்று ஒன்று விலை குறைவாகக் கிடைக்கும், நான் வருடம் முழுக்க அதையே குடித்தேன், முதல் நாளுக்குப் பிறகு ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவர் மாறி ஒருவர் எல்லாருக்கும் வாங்குகிற வழக்கம் உண்டு, ரவுண்ட் என்பார்கள். ஆறு பேருக்கு வாங்கக் காசு இல்லாவிட்டால் "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வரும்போது நழுவுவதுதான் தப்பு. சில விளையாட்டுக் கழகங்களில் புதியவர்களைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்கிற கூத்து இன்னும் இருக்கிறது, நம்ம கம்பஸ் ராகிங் மாதிரிதான். அதற்கு முகம் கொடுக்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள், மாணவர் சங்கத்தில் முறைப்பாடு செய்யலாம். பெண் பிள்ளைகள் இரவில் திரும்பும்போது அதே பக்கம் போகிற ஒருவரோடு சேர்ந்து வாருங்கள், "யார் இந்த வழியாகப் போகிறீர்கள்" என்று கேட்பது அங்கேயும் சகஜம்.

காசு விஷயம். சின்னக் கழகங்களுக்கு வருடச் சந்தா சில பவுண்தான், விளையாட்டுக் கழகங்களில் அது பல மடங்கு ஏறும். அதனால் சந்தையில் நின்ற இடத்தில் கட்டாதீர்கள். முதல் இரண்டு கிழமை பல கழகங்கள் இலவசமாக அல்லது மிகக் குறைந்த காசுக்கு வந்து பார்க்க விடும், "கிவ் இட் எ கோ" என்று போட்டிருக்கும்.

இதைவிடப் பெரிய எதிரி பகுதிநேர வேலை. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கிப் போகிற பிள்ளையிடம் வேலையைக் குறை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாணவர் விசாவில் பட்டப்படிப்போ அதற்கு மேலோ படிக்கிறவர்கள் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அந்த 20ஐ எந்த நாட்களில் வைப்பது என்பதை மட்டும் யோசித்து எடுங்கள். முதலாளியிடம் வேலைக்குச் சேரும் அன்றே, இந்த ஒரு பின்னேரம் எனக்கு முடியாது என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. புதன்கிழமை பின்னேரத்தைப் பல பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்காக வகுப்பில்லாமல் விடுகின்றன, அதை வேலைக்குக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, நம்ம பெடியன்களில் பலருக்குத் தெரியாதது: அந்த விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ வேலை செய்யக் கூடாது. ஊர்க் கிளப் ஒன்று "நன்றாகப் பந்து போடுகிறாயே, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு, காசு தருகிறோம்" என்றால் ஆசையாக இருக்கும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவில் கேட்காமல் தலையாட்டாதீர்கள், விசாவே போகலாம்.

நம்ம ஆட்களோடு இருந்தால் என்ன குறை என்ற கேள்வி. ஒரு குறையும் இல்லை, அவர்களை விட்டுவிடாதீர்கள். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவர்கள் கொட்டகலைப் பெடியன் ஒருவனும் ஒரு சிங்களத் தங்கச்சியும்தான். ஆனால் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்து, ஒரே இடத்தில் வேலை செய்து, தமிழிலேயே பேசி, தமிழிலேயே சண்டை பிடித்து ஒரு வருடத்தை முடித்துவிட்டு, ஊர் எப்படி என்று கேட்டால் குளிர் என்று மட்டும் சொல்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அங்கே தமிழ்க் கழகம் இருந்தால் போங்கள். ஆனால் இலங்கைத் தமிழர் என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணமோ வன்னியோதான் தெரியும், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மலையகம் என்றே ஒன்று இருப்பது தெரியாது. "அப்படியென்றால் நீங்கள் இந்தியாவா, இலங்கையா" என்று கேட்பார்கள். கோபப்படாதீர்கள், நம்ம ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வரத் தொடங்கிய 1823இலிருந்து தொடங்குங்கள், 1948இல் பிரஜாவுரிமை பறித்ததைச் சொல்லுங்கள், எல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லலாம். லண்டனில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு என்னிடம் கேட்ட கேள்விகளில் இருந்த அக்கறையை நான் மறக்கவில்லை. அந்த ஊர் நண்பர் என்றால் வெள்ளைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, அந்தப் பிள்ளையும் அந்த ஊர்தான்.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் வைப்பார்கள். அதற்குப் பிறகு இருட்டு சடாரென்று வரும், டிசெம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இரவு. வருடம் முழுக்க ஆறு மணி போல சூரியன் மறைகிற நாட்டிலிருந்து போகிற நமக்கு இது உடம்பையே அடிக்கும். அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு அம்மாவோடு வீடியோவில் பேசி முடிய, வெளியே போகவே மனம் வராது. பிள்ளைகள் கழகத்தை விடுவது எப்போதும் இந்த நவம்பரில்தான். யாராவது ஒருவரிடம் "இந்தக் கிழமை நானும் உங்களோடு வருகிறேன், இத்தனை மணிக்கு வாசலில் நிற்கிறேன்" என்று வாக்குக் கொடுத்து வையுங்கள். ஒருவர் குளிரில் நமக்காக நிற்கிறார் என்றால் எழும்பிப் போய்விடுவோம். முதல் தவணை கைவிட்டுப் போய்விட்டதென்றாலும் பரவாயில்லை, ஜனவரி கடைசியில் அந்தச் சந்தையைச் சின்ன அளவில் திரும்ப வைப்பார்கள். நான் நடைக் கழகத்தில் சேர்ந்ததே ஜனவரியில்தான்.

தங்கச்சி, போவதற்கு முன் இங்கேயிருந்தே ஒரு வேலை செய்யலாம். நீங்கள் போகிற நகரத்தின் பெயரோடு விருப்பமான கழகத்தைத் தேடி, செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பெயர், இலங்கையிலிருந்து வருகிறேன், இதற்கு முன் செய்ததில்லை, முதல் நாள் வந்தால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும், இந்த நாலு வரி போதும். கடைசி வரிதான் முக்கியம், வாசலில் உங்களை எதிர்பார்த்து ஒருவர் நிற்பார், கூச்சத்தில் பாதி அங்கேயே போய்விடும். மலைக்குப் போகிற சப்பாத்தை இங்கே வாங்காதீர்கள், அங்கே பழைய சாமான் விற்கிற தர்மக் கடைகளில் நல்லது பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். பெட்டியில் மிஞ்சுகிற எடைக்கு ஒரு கிலோ நல்ல பி.ஓ.பி.எஃப். ரகத் தேயிலைத்தூள் வையுங்கள். அங்கே கடையில் கிடைப்பது அதிகமும் கென்யா, அசாம் தேயிலை கலந்த பை. நடை நாளில் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோய் நாலு பேருக்குக் கொடுத்தால், இது எங்கிருந்து வந்தது, யார் பறித்தது என்று அவர்களே கேட்பார்கள். அதற்குச் சொல்ல உங்களிடம் நிறைய இருக்கிறது.